காயத்ரி பிடித்துக்கொண்ட என் கை

மேல்பட்டாம்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அயர்லாந்துக் குளிரிலும் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பதறி இடையில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

எங்கள் கடலூர் ஆஸ்பத்திரியில் மதிய டியூட்டிக்கு ஆள் வராவிட்டால் காலையில் வந்தவளே இருந்து பார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று நாள் எனக்கு அப்படி ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம், நான்காம் படுக்கைக்காரருக்குப் போட வேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு ஐந்தாம் படுக்கைக் கலியமூர்த்தியின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவருக்குச் சர்க்கரையே கிடையாது, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன காயத்ரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இது அவுருக்கு இல்ல" என்று காதோடு சொன்னாள். ஊசி இறங்கவில்லை. ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதே இல்லை எழில், பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள் காயத்ரி. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மறுநாள் நடந்ததை அப்படியே எழுதி, பதினொரு மணி நேரம் நின்ற பிறகு நடந்தது என்பதையும் சேர்த்து மேட்ரன் விருத்தாம்பாளிடம் கொடுத்தேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன், அப்பாகூட "போனா போவுது, நீ நிம்மதியா தூங்கு" என்றார். மேட்ரன் இரண்டு தடவை படித்தார், "நானும் இத்தன வருஷமா எழுதாமயே இருந்துட்டேன் ஜெயராணி" என்று சொல்லித் தானும் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து வார்டில் இருந்த மற்ற ஒன்பது நர்ஸுகளும் அவரவருக்கு இப்படி நேர்ந்ததை எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகத்தில் முதலில் சத்தம்தான் போட்டார்கள், பிறகு மாற்று ஆளாக இரண்டு பேரை எடுத்தார்கள், சம்மதம் கேட்காமல் யாரையும் டியூட்டி முடிந்தபின் நிறுத்தக் கூடாது என்று போர்டில் ஒட்டியாயிற்று. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், அது நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். கலியமூர்த்தியிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தார், அவர் சம்சாரம் சிரிக்கவில்லை.

இப்போது மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, நேற்று இரண்டு பேரும் தேவனாம்பட்டினம் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தோம், உன்னை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

போன வாரம் நீ, ஆள் இல்லை என்று உன் ஆஸ்பத்திரியில் கேட்டதால் ஆறு நாள் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரம் நின்றதைப் பெருமையாகச் சொன்னாய். நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன், உன்னை அப்படி வளர்த்ததும் நான்தான். இனிமேல் உடம்பு கேட்காத அன்று முடியாது என்று சொல்லிவிடு. அப்படிச் சொல்கிறவள் நல்ல நர்ஸ் இல்லை என்று யாராவது சொன்னால், எங்கள் அம்மா நர்ஸ், அவர்தான் சொல்லச் சொன்னார் என்று சொல்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

ஆசிகளுடன் உன் அம்மா,
அ. ஜெயராணி