ஓம் என்றால் ஓடு

கோடையிலும் சுவெட்டரைக் கழற்றாத என் அருமை மச்சாளுக்கு,

நீங்கள் இல்லாத முதல் இலையுதிர்காலம் இது. உங்கள் தம்பி சுகமாக இருக்கிறார். நீங்கள் பல்கனியில் வைத்த கறிவேப்பிலையைக் குளிருக்கு முதலே உள்ளே எடுத்துவிட்டேன். அது இன்னும் என்னோடு கோபமாகத்தான் நிற்கிறது. இதைச் சொல்லவா ஒரு கடிதம் என்று கேட்பீர்கள். இல்லை மச்சாள். நேற்று உங்களுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அங்கே உங்கள் பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் மச்சாள் பவானி, என் கணவரின் அக்கா, ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டியவர். மிச்ச நேரத்தில் எங்கள் பகுதி பேஸ்பால் அணியின் 'லாக்லேடர்'. யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது, எங்கே பயிற்சி என்று எல்லாவற்றையும் முடிவுசெய்கிற மனேஜர்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மைதானத்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னீர்கள். "சுகந்தி, இது எங்கடை எல்லே தான். மூங்கில் தடிக்குப் பதிலா வழுவழுப்பான தடி வைச்சிருக்கினம், அவ்வளவுதான்."

பள்ளிக்கூட எல்லே அணியில் ஓடிய கால்கள் அல்லவா. அடுத்த கிழமையே அங்கே போனீர்கள். ஓடுகிறவனின் முதுகில் பந்தால் எறிந்தால் அவுட்தானே என்று கேட்டு, நின்றவர்களைப் பயமுறுத்தினீர்களாம். எங்கள் விளையாட்டில் அவுட், அவர்களுடையதில் சண்டை.

அப்போது அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. லாக்லேடர் பொறுப்பை யார் எடுப்பது என்று கேட்டபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். எடுத்த எடுப்பிலேயே ஊரைப் பேசவைத்தீர்கள். அணியின் ஒரே பெரிய அடிகாரன் மார்ட்டின். அவனைப் பக்கத்து நகரமான திராமனின் அணிக்குக் கொடுத்தீர்கள். பதிலுக்கு அவர்களுடைய உள்ளரங்கில் சனிக்கிழமைகளில் பயிற்சி எடுக்க இடம் வாங்கினீர்கள்.

"அக்காவுக்கு விசர். ஆளைக் குடுத்துட்டு ஆரும் மண்டபம் வாங்குவினமே?" என்றார் உங்கள் தம்பி. மாரி முழுக்க மற்ற அணிகள் பனி கரையட்டும் என்று காத்திருந்தன. உங்கள் ஆட்கள் திராமனுக்கு ரயில் ஏறினார்கள். ஹான்ட்பாலை விட்டுவிட்டு வந்த பெண், போலந்துத் தச்சர், கரப்பந்தாட்டம் மட்டுமே தெரிந்த எங்கள் பொடியன்கள். நான் கட்டித்தந்த முட்டை ரோல்ஸ் எத்தனை மாரிக்குப் போயிருக்கும்? நல்லது என்று ஒரு சொல் வந்ததா? "மிளகு காணாது" என்றுதான் வந்தது.

முதல் பருவத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்று, ஓடுகிறவர்களுக்குக் குரல் கொடுப்பது உங்கள் வேலை. ஐரிக் என்கிற உயரமான நோர்வேஜியன் ஓடி வருகிறான். 'வீடு' என்று அவர்கள் சொல்கிற கடைசி பேஸ் வரைக்கும் பாதை திறந்து கிடக்கிறது. பதற்றத்தில் உங்கள் வாயில் ஊர்ப் பாஷை வந்துவிட்டது. ஆமாம், வா என்பதற்கு "ஓம், ஓம்" என்று கத்தினீர்கள். அவன் நடுவழியில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தான். பந்து வந்தது. அவன் அவுட், ஆட்டமும் போய்விட்டது.

"ஓம் எண்டுதானே சொன்னனான், ஏன் நிண்டனீ?" என்று அவனிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டீர்கள். அவர்களுடைய மொழியில் அந்த ஒலி 'ஒருவேளை' என்பது போன்ற ஒரு சொல்லாம். ஒருவேளை இப்படி நடந்தால், ஒருவேளை அப்படி நடந்தால் என்று பின்னால் ஏதாவது வரவேண்டும். பாவி, மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

வேறு ஆளாக இருந்தால் தன் சொல்லை மாற்றியிருப்பார். நீங்கள் அவர்களுடைய காதை மாற்றினீர்கள். ஓம் என்றால் ஓடு. எதிரணிக்காரர் அதைக் கேட்டு மிச்சத்துக்குக் காத்திருந்தால் இன்னும் நல்லது என்றீர்கள்.

நீங்கள் படுக்கையில் விழுந்த மாரியில் அணி நடுவுக்குக் கூட ஏறவில்லை. நீங்கள் கண்டது அதைத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நிர்வாகத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது. அணியைத் திராமனோடு சேர்த்துவிடலாம், பவானியின் திட்டம் சரிவரவில்லை என்று. இந்தப் பருவம் முடிய உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவானது.

இந்தக் கோடையில் என்ன நடந்தது தெரியுமா? உங்கள் ஆட்கள் விளையாடினார்கள், மச்சாள். கிண்ணம் ஒன்றும் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அடியில் கிடந்தவர்கள் அட்டவணையின் மேல்பாதியில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசி ஆட்டத்தில் திராமனையே வென்றார்கள். தோற்ற பிறகு மார்ட்டின் என்னிடம் வந்து கைகொடுத்தான். "அவர் என்னை ஒரு மண்டபத்துக்கு விற்றார். அதைவிட நல்ல வியாபாரத்தை நான் கண்டதில்லை" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது பெருமைதான்.

நேற்றைய கூட்டத்தில் உங்களை மதிப்பிட்டுப் பேசியது ஸ்ரீதர். எங்கள் அணியில் உங்களோடு எப்போதும் வாதாடுகிற, சென்னையிலிருந்து வந்த அந்தப் பொறியியலாளர். நீங்கள் முதல்முறை ஓம் சொன்னபோது "என்னக்கா, பூஜையா?" என்று கேட்டவர். பேச எழும்ப முதல் என்னிடம் வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நல்லதையும் சொல்வேன், கெட்டதையும் சொல்வேன். வெறுமனே புகழ்ந்தா பவானி அக்காவுக்கே பிடிக்காது."

"சொல்லுங்கோ தம்பி, ஆனா எல்லாத்தையும் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். பந்து பிடிக்கிற கட்சரை மாற்று ஆள் இல்லாமல் போகவிட்டது பெரிய பிழை, அதனால் ஒரு பருவமே வீணானது என்றார். உங்கள் ஊர்க்காரர் என்பதற்காகவே ஒருவரை அளவுக்கு மீறிப் பந்தெறிய விட்டீர்கள் என்றார். கோபிக்காதீர்கள், இரண்டும் உண்மை. அந்த மனிசன் எறிந்த பந்தை நானே அடித்திருப்பேன்.

பிறகு மற்றப் பக்கத்தைச் சொன்னார். வெற்றியை வெளியிலிருந்து வாங்காமல் வெல்லக்கூடிய ஆட்களை நீங்கள் உண்டாக்கினீர்களாம். பலன் கிடைக்கும் நேரம் இது, இப்போது கலைப்பது முட்டாள்தனம் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூட்டத்தை நடத்திய தலைவர் புதியவர், உங்களைக் கண்டதே இல்லை. அணி தனியாகவே, பவானி போட்ட வழியிலேயே தொடர்வதற்கு யார் சம்மதம் என்று கேட்டார்.

"ஓம்."

ஒரு வாயிலிருந்து இல்லை. ஹான்ட்பால்காரி, போலந்துத் தச்சர், எங்கள் பொடியன்கள், ஸ்ரீதர் எல்லோரும். தலைவர் பேனாவைப் பிடித்தபடி மிச்சத்துக்குக் காத்திருந்தார். ஒன்றும் வராததால், "ஒருவேளை என்ன?" என்று கேட்டார்.

ஐரிக் எழுந்து நின்றான். அன்று நடுவழியில் நின்றானே, அதே ஐரிக்.

"மிச்சம் இல்லை. வாக்கியம் முடிந்துவிட்டது" என்றான்.

நான் அழுதேன், மச்சாள். வெட்கப்படவில்லை. என் மச்சாளின் வாயிலிருந்து தவறி விழுந்த சொல்லால் ஒரு நோர்வேஜியக் கூட்டம் முடிவெடுத்ததை நான் இருந்து பார்த்தேன். உங்கள் தம்பி என் தோளைத் தட்டி, "அக்காவுக்கு விசர்தான்" என்றார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

வசந்தத்தில் பனி கரைந்ததும் மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமாம். ஸ்ரீதர் என்னைக் கேட்டார். எனக்கு விதி ஒன்றும் தெரியாது. ஆனால் கத்தத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு நீங்கள் நின்ற இடத்தில் நிற்பேன். எவன் ஓடி வந்தாலும் அவனுக்கு அந்த ஒரு சொல்லை, நீட்டி, உங்கள் மாதிரியே சொல்லுவேன்.

ரோல்ஸுக்கு இனி மிளகு கூடப் போடுகிற,
உங்கள் தம்பி பெண்சாதி, என்றைக்கும் உங்கள் மச்சாள்,
சுகந்தி