சிவப்பு வெள்ளைக் கயிறு

அன்பு மகள் கயோகோவுக்கு,

மழை ஓய்ந்து வெயில் ஏறிவிட்டது. அங்கே குஷிரோவில் இன்னும் குளிர்காற்றுதான் அடிக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை.

இது யார் கையெழுத்து என்று நீ திகைப்பாய். என்னுடையதுதான். எழுபத்தொன்பது வயதில் உன் அப்பா எழுதுகிறேன். மேலே இருக்கும் நான்கு வரிகளுக்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆனாலும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வருடம் வரை எனக்கு எழுத்துத் தெரியாது. ஒன்பது வயதில் கணவாய் மீன் பிடிக்கும் படகில் ஏறியவன். உன் பள்ளிக் காகிதங்களை நீ நீட்டும்போதெல்லாம் "அம்மாகிட்ட குடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது அக்கறை இல்லாமல் அல்ல. உன் கடிதங்களையும் அம்மாதான் வாசித்துக் காட்டுவாள். மகளுக்குத் தெரியக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

அவள் போன பிறகு கடையில் வாங்கிய சோற்று உருண்டைதான் மூன்று வேளையும். படுக்கையில் கிடந்தபோது எனக்காக ஒரு நோட்டில் சமையல் எழுதி வைத்திருந்தாள். அதைத் திறக்காமலே ஒன்றரை வருடம் மாடத்தில் அவள் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டேன். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு, ஏப்ரல் மாதம் ஊர்மன்றத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். குவபரா டீச்சர் உன்னைவிட இளையவள். நான் பென்சிலை உடைத்தால் கோபிக்காமல் சீவித் தருவாள்.

நோட்டைத் திறந்தால், எல்லாம் குழந்தைகள் முதலில் படிக்கும் எளிய எழுத்து. ஒவ்வொன்றும் கொட்டை கொட்டையாக. நான் என்றாவது படிப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் பக்கத்தில் பூசணி. தோல் கீழே இருக்கும்படி துண்டுகளை அடுக்கு. சர்க்கரையைத் தூவிவிட்டுச் சும்மா இரு, தானாக நீர் விடும். பிறகு சோயாவும் கொஞ்சம் தண்ணீரும். மூடி, சிறு தீ. கிளறாதே, உனக்குக் கை சும்மா இருக்காது என்று எழுதியிருக்கிறாள். மீன் சேராததால் மாடத்தில் படைக்கலாம் என்றும் ஒரு வரி. முதல் தடவை புட்டியை மாற்றி எடுத்து, சோயாவுக்குப் பதில் புளித்த காடியை ஊற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தோக்கி அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "தொமெஜி, இதப் படைச்சேன்னா உன் பெண்டாட்டி மாடத்துலேர்ந்து எறங்கி வந்து உன்ன ஒதைப்பா" என்றாள். வரட்டுமே என்றேன். அக்கா இன்னொரு துண்டை எடுத்துத் தின்றாள். இப்போது புட்டிகளில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் ஊற்றுகிறேன்.

நோட்டு முடிந்தது. போன பிப்ரவரியில் நீ அனுப்பிய கடிதத்தைக் கடைசியாகத் தின்னும் பலகாரம் போல மிச்சம் வைத்திருந்தேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்து பிரித்தேன். உனக்குப் பிள்ளை பிறந்த சேதியை என் கண்ணாலேயே படிக்கப்போகிறேன் என்று.

போனில் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று நாள்தான் இருந்தாள் என்று. பெயர் வைத்திருக்கிறேன், வந்தால் சொல்கிறேன், வாருங்கள் அப்பா என்று.

கயோகோ, அது உனக்குப் பிள்ளை பிறக்க வேண்டிய மாதம். உறையைப் பார்த்ததும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அக்கா படித்துச் சொல்கிறேன் என்றாள். படித்தாயிற்று, பேத்தி என்று பொய் சொன்னேன். நல்ல காரியத்துக்கு அனுப்புவது போல முதல்தரக் கருவாட்டுக் கணவாயாகப் பத்துப் பொறுக்கி, மங்கலத்துக்கு மட்டும் கட்டும் சிவப்பு வெள்ளைக் கயிற்றை நானே கட்டினேன். தபால் அலுவலகத்தில், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று உன் உறையை நீட்டி முகவரி எழுதச் சொன்னேன். அந்தக் கயிற்றை அந்த வீட்டில் நீ எப்படி அவிழ்த்தாயோ. அதன் பிறகு நீ போனை எடுக்கவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு ஓய்வேது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கற்றுக்கொண்டேன். எழுதிப் பார்த்தால் அது மிகவும் சின்னதாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஒபோன். இறந்துபோனவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். குழந்தைக்கு இதுதான் முதல் ஒபோன், வழி தெரியாது. உன் அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். பூசணியைப் பல் இல்லாத வாய்க்கும் ஆகும்படி மசித்துச் சின்னக் கிண்ணத்தில் வைப்பேன். வாசலில் விளக்கேற்றி உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். குழந்தையை என்னவென்று கூப்பிடுவது?

நீ வந்து கூப்பிட்டால் நல்லது. உனக்கும் ஒரு கிண்ணம் இருக்கும். வர மனம் இல்லாவிட்டால் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. இந்த முறை படித்துவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, என் கண்ணே.

உன் அப்பா,
தொமெஜி