பக்கத்தின் அடியில் ஒரு தேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பட்டறையில் தகடு கிழித்து எனக்கு விரலில் நான்கு தையல், இப்போது ஆறிவிட்டது.

"வெளிநாட்டுக்காரனுக்கு வைத்தியம் எல்லாமே சொந்தக் காசுதான்" என்று எங்கள் தொழிலாளர் போன் குழுவில் வந்த செய்தியைப் படித்துப் பயந்துபோயிருந்தேன். ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இருந்த தமிழ் அக்கா, "யாரு எழுதினது, எப்ப எழுதினதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டு, இந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தைத் திறந்து காட்டினார். வேலையில் அடிபட்டால் முதலாளிதான் கட்ட வேண்டும் என்று, தையல் பிரிப்பது வரைக்கும் எழுதியிருந்தது. அடியில் போன வாரத் தேதி. முகம் தெரியாத யாரோ என் விரலுக்காகவும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தம்பி அனுப்பும் "அம்மா நல்லா இருக்காங்க" என்பதில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று இல்லை. இனி நீங்களே உங்கள் குரலில், கிழமையோடு சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மகன்