ஏழாவது தூணும் நின்ற மில்லும்

மேஸ்திரி,

இன்று காலை ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெல் அவிக்கும் வாசனை மூக்கில் ஏறியது. நீங்கள் போய்ச் சேர்ந்ததை உங்கள் மகள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். கால் தானாக ஆற்றுப் பாலத்துக்கு நடந்துவிட்டது.

எண்பதுகளில் இங்கே வெறும் மணல்தான். பாலத்துக்காக நீங்கள் பூமிக்குள் வார்த்த கான்கிரீட் தூண்களில் பழுது உண்டா என்று பார்க்க, ஒரு பெட்டியும் சின்னச் சுத்தியலுமாக மெட்ராஸிலிருந்து வந்தேன். தூணின் தலையில் தட்டினால் அதிர்வு அடிவரை போய்த் திரும்பும். நடுவில் குறை இருந்தால் முன்னதாகவே திரும்பிவிடும். பெரிய விளக்கமாகச் சொல்லி முடித்தேன். "தர்பூஸ் பழத்த தட்டிப் பாக்குற மாரியா சார்?" என்றீர்கள். எனக்குக் கோபமே வந்தது. அவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஏழாவது தூணில், அதிர்வைக் காட்டும் பெட்டித் திரையில் கோடு பாதியிலேயே துள்ளியது. கரையோர ரைஸ் மில்லின் அதிர்வாகவும் இருக்கலாம். காண்டிராக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "மில்லு ஓடுற அதிர்வுன்னு எழுதிட்டு ஜல்தியா கெளம்புங்க சார்." எனக்கும் ஊர் திரும்பும் அவசரம். பேனாவைத் திறந்துவிட்டேன்.

நீங்கள் கரையேறி மில்லுக்குப் போனீர்கள். சற்று நேரத்தில் மில் நின்றது. திரும்பி வந்து, "இப்ப தட்டுங்க சார்" என்றீர்கள். தட்டினேன். கோடு அதே இடத்தில் துள்ளியது. அப்போதுதான் சொன்னீர்கள்:

"இத வார்த்த அன்னிக்கி மழ பேஞ்சிகினு இருந்துச்சி. கான்கிரீட் எறக்குற கொழாய அவசரத்துல மேல இழுத்துட்டேன், மண்ணு பூந்திருக்கும். உள்ள போனத யாரு பாக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன் சார்."

காண்டிராக்டர் உங்களை அப்போதே வேலையை விட்டுப் போகச் சொன்னார். வேறு பிழைப்பு இல்லாதவர் நீங்கள். இந்தத் தூணை இவர்தான் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் வீம்பு பிடித்தேன். என் வாழ்நாளில் உருப்படியான வீம்பு அது ஒன்றுதான்.

தோண்டினோம். இரண்டாள் ஆழத்தில் கான்கிரீட்டுக்குள் களிமண். அதுவரை உடைத்தெடுத்து மறுபடி வார்த்தீர்கள். இறுகிய பிறகு சுத்தியலைக் கேட்டு வாங்கி நீங்களே தட்டினீர்கள். கோடு அடிவரை நேராகப் போய்த் திரும்பியது. "நல்ல பழம் சார்!" என்று சிரித்தீர்கள்.

அந்தத் தூணுக்கு மேலேதான் இப்போது நிற்கிறேன். பஸ்கள் போகின்றன, பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். உங்களுக்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் தட்டிவிட்டேன், மேஸ்திரி. பழுதை மறைக்க வசதியான சாக்கு ஒன்று வாய்க்கும்போதெல்லாம் நீங்கள் கரையேறிப் போவது கண்ணில் தெரியும். பேனாவை மூடிவிட்டு, முதலில் மில்லை நிறுத்தச் சொல்கிறேன்.