அத்தான் ஓட்டிவிட்ட பாட்டுகள்

நவம்பர் 16, ஞாயிறு

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தன்னைப் பெரிய சினிமா ரசிகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்று மத்தியானம் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு பழைய ஹாலிவுட் கொலைப் படம் ஒன்று போட்டார். "கொலை, காதல், பகிடி, பாட்டு எல்லாம் ஒரே படத்தில. இதை விளங்கிப் பார்க்க மூளை வேணும்" என்று முன்னுரை வேறு.

ஆனால் முத்தமோ பாட்டோ வந்தால் உடனே ரிமோட்டை அமுக்கி ஓட்டிவிடுவார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்துப் பழக்கம். இன்று அங்கே இருந்தவர்களில் ஆக இளையவள் என் மகள். அவளுக்கு வயது இருபத்தொன்பது.

படத்தின் கடைசியில், கொலைகாரன் என்று பொலிஸ் பியானோக்காரனைப் பிடித்தது. ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"டைரக்டர் ஒரு துப்பும் வைக்கேல்லை. விசரன்" என்றார் அத்தான்.

"நீங்கள் ஓட்டின பாட்டுகளில இருந்திருக்கும், அத்தான்" என்றேன்.

"பாட்டுக்குள்ள என்ன கதை இருக்கப்போகுது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வெட்கங்கெட்டு.

வருகிற சனிக்கிழமை சட்டன் என்ற ஊருக்குப் போய், என் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்த்துச் சொல்லப்போகிறவரும் இந்த மனிதர்தான். போகச் சொல்லிக் கேட்டது நான்.