பேக்வெல்லில் மாறி உட்கார்ந்தவர்கள்

ஹாலிஃபாக்ஸ்
12 ஜூன் 1979

அன்புள்ள திருமதி ப்ராசர்,

நல்லபடியாக ஷ்ரூஸ்பரி போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சனிக்கிழமை பேக்வெல் சந்தையில் உங்கள் சுற்றுலாப் பேருந்தில் தவறி ஏறியவள் நான்தான், ம்யூரியல் அக்ராய்ட். எங்கள் பேருந்தில் தவறி ஏறியது நீங்கள். மாலையில் பெட்ரோல் பங்க் வாசலில் நம் இருவரையும் மாற்றிவிட்டபோது, "கட்டாயம் எழுதுங்க" என்று முகவரி கொடுத்தீர்களே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மழைதான் காரணம். தலையைக் குனிந்துகொண்டு ஓடி, க்ரீம் நிற வண்டியில் ஏறிவிட்டேன். அதே நிறத்தில் பக்கத்திலேயே இன்னொன்று நிற்கும் என்று யார் கண்டார்கள்? "தலைக்கணக்கு சரியா இருக்கு, போலாமா?" என்றார் டிரைவர். எல்லாரும் பாட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் பாடவே மாட்டார்கள். அழுதுவிட்டேன். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் முட்டை சாண்ட்விச்சை நீட்டி, "அழாதம்மா, எங்க ஈனிட் ப்ராசருக்கு நீ எவ்வளவோ தேவலை, வாய மூடிட்டாவது வர்றே" என்றார்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. காசில்டன் ஊர் வரை நீங்கள் என் கணவர் கிளிஃபர்டின் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? நான் ஏறவில்லை என்று அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கேட்டால், "மழை, கூட்டம், விடேன்" என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்.

அன்புடன்,
ம்யூரியல் அக்ராய்ட்


ஷ்ரூஸ்பரி
14 ஜூன்

அன்புள்ள ம்யூரியல்,

ஈனிட் என்றே கூப்பிடுங்கள். அந்த சாண்ட்விச் ஆள் எங்கள் தேவாலயத்தில் மணி அடிப்பவர். அவர் வாயை முதலில் மூட வேண்டும்.

என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. யாரோ இருக்கையைத் தட்டி, "வா வா, நனைஞ்சிட்டியா?" என்றார். எங்கள் குழுவில் யாரோ இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கணவர் மிகவும் நல்லவர். வழியெல்லாம் ஜன்னலைக் காட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தச் சரிவுல ஆடுங்களப் பாத்தியா?" என்றார். எனக்கு வெள்ளைப் பாறைகள்தான் தெரிந்தன. வேறொன்றும் விசேஷமில்லை. நீங்கள் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள்,
ஈனிட்


ஹாலிஃபாக்ஸ்
19 ஜூன்

அன்புள்ள ஈனிட்,

கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெரு பெரிலும் அன்று எங்கள் வண்டியில் வந்திருந்தாள். நேற்று ரொட்டிக் கடையில் நாலு பேருக்கு நடுவில், "உன் வீட்டுக்காரர் அந்தப் பொம்பள கையப் பிடிச்சுக்கிட்டே வந்தாரே, உனக்குத் தெரியுமா?" என்கிறாள். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல், கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வயதில் இதைக் கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது. உங்கள் இருவருக்கும் முன்பே பழக்கமா? அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அதற்குப் பதில், "இனி டூர் பஸ் வேண்டாம், ஞாயித்துக்கிழமை நானே கார் ஓட்டி உன்னை விட்பி கூட்டிட்டுப் போறேன், கடல் பாக்கலாம்" என்று கொஞ்சுகிறார். அவர் காரைத் தொட்டே பல மாதங்கள் ஆகின்றன. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ம்யூரியல்


ஷ்ரூஸ்பரி
21 ஜூன்

அன்புள்ள ம்யூரியல்,

அவரைக் கார் ஓட்ட விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

வாக்குக் கொடுத்துவிட்டு அதை மீறி எழுதுகிறேன். காசில்டன் நெருங்கும்போதுதான் வண்டி மாறியது எனக்கு உறைத்தது. அப்போதுதான் வாயைத் திறந்து, "ஐயா, நீங்க என்னை யாரோன்னு நெனச்சுப் பேசறீங்க" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரும்மா நீங்க? ம்யூரியல் எங்கே?" என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பதற்றத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது. "என் பார்வைக்கு நடுவுல ஒரே புகையா இருக்கு. எதிர்ல இருக்கறவங்க முகமே தெரியல. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியுது. அவகிட்ட சொல்லிடாதீங்க, அவ தாங்க மாட்டா" என்றார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பெரில் பார்த்தது அதைத்தான்.

ஆடுகளைக் காட்டியதெல்லாம் உங்களுக்காக, ம்யூரியல், எனக்காக இல்லை.

ஈனிட்


ஹாலிஃபாக்ஸ்
27 ஜூன்

அன்புள்ள ஈனிட்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு காலை அவர் கூடையைக் காரில் வைத்துவிட்டு அதன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சாவியக் குடுங்க, கிளிஃப்" என்றேன். "எதுக்கு?" என்றார். "குடுங்க." அவர் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாக அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் அப்படித்தான் வேறெங்கோ பார்க்கிறார். என்மேல் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன். ஓரக்கண்ணால் என் முகத்தைத் தேடியிருக்கிறார், பாவி மனிதர்.

சாவியைக் கொடுத்துவிட்டார். வாசலில் நின்ற காரிலேயே உட்கார்ந்து, கடற்கரைக்குக் கட்டிய சாப்பாட்டைச் சாப்பிட்டோம். இரண்டு பேரும் அழுதோம். பெரில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள், பார்க்கட்டும். வியாழக்கிழமை கண் மருத்துவரிடம் போகிறோம்.

நீங்கள் செய்த உதவி பெரியது. அவர் உயிரையும் என் உயிரையும் காப்பாற்றினீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை காலம் கூட இருந்த என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத உங்களிடம் சொன்னாரே என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்கள்மேல் கோபமா, அவர்மேலா, சொல்லத் தெரியவில்லை. "அந்தம்மாவுக்கு நானும் ரெண்டு வரி சொல்றேன், எழுதேன்" என்று தினமும் கேட்கிறார். முகவரி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

தயவுசெய்து இனி எழுதாதீர்கள், ஈனிட். எழுதினால் அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

ம்யூரியல்