இரு பக்கமும் நான்கு அங்குலம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

என் மகன் முரளியின் பழைய பியட் காருக்கு வைத்திருந்த பின் ஆக்சில் இன்று கும்மிடிப்பூண்டி லேத் பட்டறையில் வீணாகிவிட்டது. அவன் தேடி அலைந்து வாங்கிய அம்பாசிடர் ஆக்சில். பியட்டுக்கு அது அகலம்; மொத்தம் நான்கு அங்குலம் குறைத்தால் சக்கரங்கள் பாடிக்குள் அடங்கும்.

பக்கத்துக்கு இரண்டு என்ற நினைப்பில் சீட்டில் "இரு பக்கமும் நான்கு அங்குலம்" என்று எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் தேவராஜ் பக்கத்துக்கு நான்கு என்று எடுத்துக்கொண்டார். வெட்டுவதற்கு அவர் போட்ட சாக்பீஸ் கோடு அதிகம் உள்ளே தள்ளியிருப்பது தெரிந்தது. அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் நின்றேன். இரண்டு பக்கமும் அறுபட்ட பிறகுதான் வாய் திறந்தேன்.

"இன்னா சார், பாத்துக்கினுதானே நின்னீங்க? ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" என்றார். கோபம்கூட இல்லை அவருக்கு.

முரளி கடைசியாக எழுந்து நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்த வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து போக வேண்டும் என்கிறான். இன்னொரு ஆக்சில் தேடும் அளவுக்கு அவனுக்கு நாள் இருப்பதாக டாக்டர் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான். "வெட்டியாச்சாப்பா?"

"ஆச்சு."

"நீ கிட்ட நின்ன இல்ல, அப்ப கரெக்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.